படத்தோடு ஒட்ட வேண்டும்

படத்தோடு. அந்த ஒரு சொல்லை யார் எழுதச் சொன்னது? சீனியம்மா மதினி சொன்னதெல்லாம், “கொரோனாக் காசு யார் யாருக்குப் போச்சுன்னு பேரை எழுதிச் செவுத்துல ஒட்டச் சொல்லுடி, ஊரே பாக்கட்டும்” என்பது மட்டுந்தான். பேர். பேரோடு நின்றிருக்கலாம். அழகுராணியின் கைதான் நிற்கவில்லை. பத்தாம் வகுப்பில் தமிழய்யா ‘கழுதைக்குக் கையெழுத்து மட்டும் முத்து’ என்று மெச்சிய கை அது. மனு எழுத உட்கார்ந்தால் அதற்குக் கொம்பு முளைத்துவிடும். ‘பூ விவசாயிகளுக்கான நிவாரணத் தொகை பெற்றவர்களின் பெயர்களைப் படத்தோடு ஒட்ட வேண்டும் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்’ என்று எழுதி, வாசித்துக் காட்டி, ‘படத்தோடு’ வருகிற இடத்தில் ஒரு அழுத்தம் வேறு கொடுத்து, மதினி “அப்பிடிப் போடு!” என்று தொடையில் தட்டியபோது சிரித்து… இப்போது பால் சொசைட்டி வரிசையில் இடுப்பில் பிள்ளையும் கையில் தூக்குவாளியுமாக நிற்கிறாள், வரிசை ஊராட்சி ஆபீஸ் சுவரை ஒட்டிப் போகிறது, சுவர் முழுக்கப் படம். கேட்டது கிடைத்துவிட்டது. கேட்டது கிடைத்தால் மனுஷி இப்படித் தலையைக் குனிந்துகொண்டு நிற்பாளா? காலடியில் பார்த்தாள். செங்கல். அடக் கடவுளே. தினமும் போலவே தனக்குப் பின்னால் மதினிக்கு இடம் பிடிக்கச் செங்கல்லை வைத்திருக்கிறாள். கை வைத்தது, புத்தி பார்க்கவில்லை. இந்தக் கையை வெட்டிப் போட்டால்தான் என்ன. காலால் அந்தக் கல்லை லேசாக நகர்த்திப் பார்த்தாள், பின்னால் நின்ற பரமன் அண்ணன், “என்ன அழகு, சீனியம்மாவை வரிசையை விட்டே தள்ளுற?” என்றான். “இல்லண்ணே, கல்லு ஆடுச்சு, சரி பண்ணுனேன்” என்று சிரித்தாள். சிரிப்பு அவளுக்குப் பஞ்சமில்லாமல் வரும். பேறுகால வலியிலும் சிரித்தவள் என்று ஊரில் பேர். ஆனால் இன்றைக்குச் சிரிப்பு பல்லோடு நின்றுவிட்டது, உள்ளே இறங்கவில்லை.

நேற்று சாயங்காலம் பக்கத்து அங்கன்வாடியில் சத்துமாவு வாங்க வந்தபோதுதான் பார்த்தாள். பசை கூடக் காயவில்லை. ஒவ்வொரு பேருக்கும் நேரே உள்ளங்கை அகலத்தில் ஒரு படம், அவரவர் பூக்காட்டில் நிற்கிற மாதிரி. ஐ, நம்ம படம் என்று ஓடிப்போய்ப் பார்த்தாள் மடச்சி. நிறைமாசமாக, சீலைத் தலைப்பை வயிற்றின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, முகமெல்லாம் பல்லாக நிற்கிறாள். பக்கத்தில் தோளுக்குத் தோளாகத் திருஷ்டி பொம்மை. சட்டித் தலை, கரி மீசை, ரோஸ் கலர்ச் சட்டை. நன்றாகத்தான் இருக்கிறது என்று முதலில் ரசித்தாள், அதுதான் கொடுமை. பிறகுதான் ஆபீசில் கணக்கு எழுதுகிற தவமணி ஜன்னல் வழியாகச் சொன்னான். “அக்கா, பொம்மை சீனியம்மாவோடதுல்ல? அப்ப நீங்க அவுக காட்டுக்குள்ள நின்னா எடுத்தீங்க? அட, அதான் அவுகளுக்குக் காசு விழல. போன்ல எடுக்குறப்ப அது நிக்கிற எடத்தையும் குறிச்சுக்கும்க்கா. அதே எடத்துல ரெண்டாவது ஆள் போய் நின்னா, இந்தக் காட்டுக்கு ஏற்கெனவே குடுத்தாச்சுன்னு தள்ளிவிட்டுரும்.” தள்ளிவிட்டுரும். அவன் சாதாரணமாகச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். அவள் சத்துமாவுப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். ஒரு வருஷத்துக்கு மேலாக மதினி தேடித் தேடித் திட்டிய ஆள் யாரென்று தெரிந்துபோயிற்று. அந்த ஆள் மதினியோடு தினமும் வெற்றிலை போடுகிறாள், மதினி கிணற்றுத் தண்ணீரைப் பாய்ச்சுகிறாள், மதினிக்கு மனு எழுதிக்கொடுத்ததும் அவள்தான்.

திருட்டு இல்லையே, திருட்டா அது? அவளுக்கும் சம்பங்கிதான், வரப்புக்கு இந்தப் பக்கம் அவளுடையது, அந்தப் பக்கம் மதினியுடையது. ஊரடங்கு என்று கோயிலைச் சாத்தினான், கல்யாண மண்டபத்தைச் சாத்தினான், மார்க்கெட்டைச் சாத்தினான், பூவுக்கு மட்டும் சாத்தத் தெரியவில்லை, அது பாட்டுக்குப் பூத்தது. பறிக்காமல் விட்டால் செடி கெட்டுப்போகும், பறித்தால் கொட்ட இடமில்லை. கடைசியில் மதினி மாட்டுக்கு அள்ளிப் போட்டாள். அந்த மாசம் பாலெல்லாம் சம்பங்கி வாசம், காப்பி குடித்தால் கல்யாண வீட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது என்று ஊரே சிரித்தது. அழுகிற நேரத்திலும் எப்படித்தான் சிரித்தோமோ. பிறகு நிவாரணம் என்று போனைத் தூக்கிக்கொண்டு ஆபீசிலிருந்து ஒரு தம்பி வந்தான், மூக்குக்கு மேல் முகக்கவசம், வெயிலில் வியர்த்துப்போய். “காட்டுல நில்லுங்கக்கா, ஒரு போட்டோ” என்றான். நின்றுதான் இருந்தாள், தன் காட்டில், தன் பாத்தியில். வரப்புக்கு அந்தப் பக்கமிருந்து மதினிதான் கத்திக்கொண்டு ஓடிவந்தாள். “யேய், தம்பி, நிறுத்து! வயித்துப்பிள்ளைக்காரியப் போட்டோ எடுக்குறானே, இவனுக்கு ஆத்தா இல்லையா? எத்தனை கண்ணு படுமோ! ஏத்தா அழகு, இங்க வா, எம்பொம்மை பக்கத்துல நில்லு. படுற கண்ணு அதும் மேல படட்டும்.” கையைப் பிடித்து வரப்பைத் தாண்டவைத்தாள். பள்ளத்தில் கால் வழுக்காமல் இடுப்பைத் தாங்கிக்கொண்டாள். அந்தத் தம்பி, “எங்கயாச்சும் நில்லுங்கக்கா, செடி தெரிஞ்சாப் போதும்” என்றான். அவனுக்கு எல்லாக் காடும் ஒரே காடு. க்ளிக். அவ்வளவுதான். ஒரு வரப்பு. ஒரு எட்டு. அந்த எட்டை எடுத்துவைத்தது யார் கால்? அவள் கால். இழுத்தது யார் கை? மதினி கை. யோசிக்க யோசிக்க அந்த வரப்பு மண்டைக்குள் நீண்டுகொண்டே போகிறது, இந்தப் பக்கம் நின்றால் குற்றமில்லை, அந்தப் பக்கம் நின்றால் குற்றம், மறுபடி இந்தப் பக்கம். பவுன்ராஜிடம் சொன்னாள். புருஷன் என்ன சொன்னான்? சோற்றை உருட்டிக்கொண்டே, “வாயை மூடிக்கிட்டு இரு. ஒரு மழை பெஞ்சா எல்லாம் கிழிஞ்சு தொங்கப்போகுது” என்றான். வானத்தைப் பார்த்தாள். துடைத்துவைத்த மாதிரி கிடந்தது. தேவைப்படுகிற அன்றைக்கு என்றைக்குப் பெய்திருக்கிறது?

வரிசை நகர்ந்தது. முன்னால் கண்ணம்மா சின்னம்மாவின் படத்தைச் சுற்றி ஒரே கூத்து. “போட்டோவுக்குன்னு பவுடரு போட்டிருக்கு பாரு கெழவி!” “போடா, அது வெயிலு!” “கண்ணை மூடிக்கிட்டு நிக்கிறானே எங்க மச்சான், காசு வந்தப்ப மட்டும் எப்பிடித் தொறந்தான்?” எல்லாரும் தங்கள் தங்கள் படத்தைத் தேடுகிறார்கள், விரலால் தொட்டுப் பார்க்கிறார்கள், எச்சில் தொட்டுத் துடைக்கிறார்கள். யாருக்கும் எதுவும் ஒளிக்க இல்லை. அவளும் நேற்றுவரை அப்படித்தான் இருந்தாள். பரமன் அண்ணன் கழுத்தை நீட்டி, “அழகு, உன் படத்துல மூணு பேரு நிக்கிறீக, காசு ஒருத்தருக்குத்தான? நீயி, வயித்துல பாப்பா, பக்கத்துல ஒரு ரோஸ் சட்டை மாப்ள” என்றான். வரிசை சிரித்தது. அவளும் சிரித்தாள், “அவரு நல்ல மாப்ளண்ணே, குடிக்கமாட்டாரு” என்று எடுத்துக் கூடக் கொடுத்தாள். வாய்தான் பேசுகிறது, காது மட்டும் தெருமுனையில் இருக்கிறது, மதினியின் வாளிக் கைப்பிடி ‘க்ணிங் க்ணிங்’ என்று வருகிறதா என்று. ரோஸ் சட்டை. அந்தச் சட்டையை அறியாதவர் ஊரில் உண்டா? மதினியின் தம்பி தீபாவளிக்கு எடுத்துக்கொடுத்து, மதினி வீட்டுக்காரர், “இதைப் போட்டுக்கிட்டு வெளிய போனா சர்க்கஸ்ல சேத்துருவாங்க” என்று தூக்கி எறிந்து, அந்தக் கோபத்தில் மதினி அதைப் பொம்மைக்கு மாட்டி, “என் தம்பி சட்டையப் போட ஒரு ஆம்பள கிடைச்சிட்டான்” என்று ஊருக்கே சொன்ன சட்டை. ஒரு துண்டை எடுத்து அந்தப் படத்தின் மேல் போடலாமா? பிள்ளையைத் தூக்கி அந்த இடத்தில் சாய்த்துக்கொண்டு நிற்கலாமா? பால் தவறிச் சிந்தின மாதிரி ஒரு வீச்சு? ச்சீ, பால் யாருடையது? அந்தக் காசில் வாங்கின மாடு தானே. மதினியும் சேர்ந்து போய்த்தான் வாங்கினார்கள். வாலைத் தூக்கிப் பார்த்து, மடியைத் தடவிப் பார்த்து, சுழி பார்த்து, வியாபாரியோடு மல்லுக்கு நின்று மதினி பேசி முடித்த மாடு. தன் பங்கைக் கொடுத்து அடுத்தவளுக்கு மாடு வாங்கிக்கொடுத்தது தெரியாமல், திரும்பி வரும்போது வழியெல்லாம், “எனக்கு மட்டும் விழுந்திருந்தா கண்ணு ஆபரேசன் பண்ணியிருப்பேன்டி” என்று சொல்லிக்கொண்டு வந்தாள். அப்போது மாட்டின் கயிற்றைப் பிடித்திருந்தது யார்? மதினி.

இடுப்பில் பாப்பா நெளிந்தது. நெற்றியைத் தொட்டாள். சுடுகிறது. நேற்றுச் சாயங்காலத்திலிருந்தே இப்படித்தான், கடைவாய்ப் பல் முளைக்கிற சூடு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள், பல்தான், வேறு என்ன, வாயில் விரலை விட்டுப் பார்த்தாளே, ஈறு தடித்திருந்ததே. ஆனால் அந்த மண். அதை நினைக்கக் கூடாது என்று எத்தனை முறை தலையைத் திருப்பினாலும் அது வந்து கண்ணில் விழுகிறது. கிராம சபையில் மதினியின் பேர் இல்லை என்று வாசித்து முடித்த அன்றைக்கு, இதோ இந்த ஆபீஸ் வாசலில், மதினி குனிந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளினாள். “எம்பங்கைத் தின்னவ எவளோ, அவ பிள்ளகுட்டி வெளங்குமா! அவ மடி நெறையுமா!” என்று தூற்றினாள். காற்று அந்தப் பக்கம் அடித்தது, மண் அழகுராணியின் தலையிலும் பாப்பாவின் தலையிலும் விழுந்தது. அவள் என்ன செய்தாள்? சிரித்தாள். “மதினி, எம்மேல ஏன் போடுறீக, நானா தின்னேன்?” என்று சொல்லிச் சிரித்தாள். வாயால் சொன்னாளே! பிள்ளையின் முடியைத் தட்டிவிட்டு, பாட்டில் தண்ணீரில் மதினியின் கையைக் கழுவிவிட்டாள், விரல் விரலாக. அதே கை. ஊரடங்கில் ஆட்டோ இல்லை, பஸ் இல்லை, பனிக்குடம் உடைந்து துடித்தபோது பால் வண்டியை வழிமறித்து, கேன்களுக்கு நடுவில் அவளைக் கிடத்தி, “கத்துடி, வெக்கப்படாமக் கத்து, கேட்க ஊருல ஆளா இருக்கு?” என்று பிடித்துக்கொண்டு வந்து, வண்டியிலேயே பிறந்த பிள்ளையை ஏந்திய கை. போலீஸ்காரன் முகக்கவசம் எங்கே என்று கேட்டபோது முந்தானையை எடுத்து மூன்று பேர் மூக்கையும் சேர்த்து மூடிய கை. அந்தக் கை எறிந்த மண் பலிக்குமா? பலிக்காது, அதெல்லாம் சும்மா. பலித்தால்? பாப்பா இன்னும் சரியாக நடக்கவில்லை, பிடித்துக்கொண்டுதான் நடக்கிறது, பக்கத்து வீட்டுப் பிள்ளை அதே வயசில் ஓடியது. மாடு முந்தாநாள் காலை நொண்டியது. மடி நெறையுமா என்றாளே. தூக்குவாளிக்குள் எட்டிப் பார்த்தாள், நேற்றைவிடக் குறைவா? குறைவு மாதிரிதான் இருக்கிறது. ஐயோ, மெனக்கெட்டு ஏன் இப்படி நினைக்கிறேன், அடியே அழகு, நீ இப்படிப்பட்டவள் இல்லையே, ஒரு பாட்டைப் பாடு, எதையாவது எண்ணு. இதைவிடப் பெரிய பயம் ஒன்று அடியில் கிடந்தது. மதினிக்குத் தெரிந்தால் மாடு போகும், தண்ணீர் போகும், பேர் போகும், சரி. ஆனால் தன் கையில் பிறந்த பிள்ளைக்குத்தான் மண்ணை வாரித் தூற்றியிருக்கிறோம் என்று மதினிக்குத் தெரியுமே. அதை அவள் எப்படித் தாங்குவாள்? சொல்லாமல் இருப்பது மதினிக்கே நல்லது. ஆமாம். மதினிக்காகத்தான் சொல்லவில்லை. இந்த நினைப்பு வந்ததும் கொஞ்ச நேரம் சுகமாக இருந்தது, தனக்கே தெரிந்தது அது கள்ளச் சுகம் என்று.

க்ணிங் க்ணிங். “எடம் போட்டு வச்சியாடி?” வந்துவிட்டாள். செங்கல்லைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு அவள் முதுகோடு ஒட்டி நின்றாள் மதினி, வெற்றிலை வாசமும் சாணி வாசமுமாக. பரமன் அண்ணன் வாயைத் திறந்தான். அழகுராணி அவசரமாக, “அண்ணே, செயலாளர் கூப்புடுறாரு பாருங்க” என்றாள், அவன் அங்கே பார்த்தான், செயலாளர் யாரையும் கூப்பிடவில்லை, யாரோ ஒருவர் பாலில் கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டு, எவ்வளவு கெட்டி என்று டிகிரி பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி எத்தனை பேர் வாயை அடைப்பது? ஊர் வாய். “ஒட்டிட்டானுகளாமே!” என்றாள் மதினி. குரலில் அப்படி ஒரு சந்தோஷம். “நம்ம மனுவுக்குப் பயந்துட்டானுக பாத்தியா? நீ எழுதுன எழுத்து அப்பிடி. படிடி. எனக்குத்தான் கண்ணுல புரை, எல்லாம் புகையா இருக்கு. மேல இருந்து ஒன்னொன்னாப் படி, பொய்ப்பேரு எதுன்னு நான் சொல்றேன்.” படித்தாள். பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி கணீரென்று படித்தாள், நடுங்கினால் தெரிந்துவிடும். ஒவ்வொரு பேருக்கும் மதினி தீர்ப்புச் சொன்னாள். “அவன் சரி, கோழிக்கொண்டைப் பூ போட்டிருந்தான்.” “அவ சரி, பாவம், கடன்காரி.” “இவன் பாதி சரி.” வரிசை நகர நகரப் பேரும் நகர்ந்தது. வந்துவிட்டது. “அழகுராணி, கணவர் பெயர் பவுன்ராஜ்.” “ம், நீ சரி. அடுத்து?” அவ்வளவுதானா? நீ சரி. அடுத்து. அடுத்த பேர் நாக்கு நுனியில் நிற்கிறது, சொன்னால் முடிந்தது, வரிசை நகரும், சுவர் பின்னால் போகும், என்றாவது மழை பெய்யும். வாயைத் திறந்தாள். மதினி பிள்ளையின் பக்கம் கையை நீட்டினாள், எப்போதும் போலக் கன்னத்தைக் கிள்ள. கை நின்றது. நெற்றிக்குப் போனது, கழுத்துக்குப் போனது. “என்னடி இப்பிடிச் சுடுது? பேசாம நிக்கிற? நேத்தே சொல்லியிருந்தா ஒரு கசாயம் வச்சு எடுத்தாந்திருப்பேன்ல? பிள்ளையப் பெத்தவளா நீயி?” திட்டு விழுந்ததும் அழகுராணிக்குள் எதுவோ கழன்றது. பிள்ளையின் கழுத்தில் இருந்த அந்தக் கையைப் பிடித்தாள். காய்த்துப்போன கட்டை விரல். அதை இழுத்துக்கொண்டுபோய்ச் சுவரில் வைத்தாள், தன் படத்தின் மேல்.

“இது நான், மதினி. மாசமா நிக்கிறேன்.” விரலை நகர்த்தினாள். “இது உங்க பொம்மை.” மதினி மூக்கு காகிதத்தில் முட்டும் அளவுக்கு முகத்தைக் கொண்டுபோனாள். பின்னாலிருந்து, “அங்க என்ன, நகருங்கத்தா, பால் திரிஞ்சிரும்!” என்று குரல் வந்தது. ரோஸ் கலர் புகைக்குள்ளும் தெரியும் போலிருக்கிறது. “நாந்தான உன்னைய அங்க நிக்கச் சொன்னேன்” என்றாள் மதினி, சுவரைப் பார்த்தே. “ஆமா.” “மறுநா நானும் அங்கயே போய் நின்னேன். நமக்கும் கண்ணு படக்கூடாதுன்னு.” “ஆமா மதினி. ஒரே எடம்னு தள்ளிவிட்டிருச்சாம்.” “எப்பத் தெரியும் உனக்கு?” “நேத்துச் சாயந்தரம். பாப்பா மேல சத்தியமா” என்று சொல்ல வந்தவள் அந்தப் பேரை விழுங்கிக்கொண்டாள், “நேத்துத்தான்” என்றாள். மதினி திரும்பினாள். அவளைப் பார்க்கவில்லை, பிள்ளையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். வாயில் இருந்த வெற்றிலையை மெல்லுவது நின்றுபோயிருந்தது. அப்புறம் வாளியைக் கீழே வைத்தாள், முட்டி சொடக்குவிடக் குனிந்தாள், ஆபீஸ் வாசல் மண்ணை ஒரு பிடி அள்ளினாள். அழகுராணி பிள்ளையை மார்போடு இறுக்கினாள். மறுபடியுமா? மதினி அந்தக் கையை உயர்த்திப் பிள்ளையின் தலையைச் சுற்றினாள். வலமாக, இடமாக, மறுபடி வலமாக. உதடு முணுமுணுத்தது, “என் வாய் சொன்னது என் வாயோட போக, என் கை போட்டது என் கையோட போக.” மண்ணில் மூன்று தரம் துப்பி, தெருவைப் பார்த்து வீசி எறிந்தாள். பாப்பா அந்த மூடிய கையையே கண்ணால் சுற்றிச் சுற்றிப் பார்த்து, வேடிக்கை முடிந்துவிட்டதே என்று அழத் தொடங்கியது. “அழட்டும், அழுதா நல்லது” என்றாள் மதினி. பிறகு அழகுராணியின் முகத்துக்கு நேரே விரலை நீட்டினாள். “இது உனக்கு இல்லடி. பிள்ளைக்கு. உன் வெவகாரம் வேற. இன்னைக்கித் தண்ணி முறை உனக்கு, மடையைத் திருப்பிக்க. உங்கூட நான் பேசமாட்டேன்.” வாளியை எடுத்துக்கொண்டு அவளைத் தாண்டி முன்னால் போய் நின்றாள். வரிசை இரண்டடி நகர்ந்ததும், திரும்பாமலே, “சாயந்தரம் மனு எழுதி எடுத்துட்டு வா” என்றாள். “பேசமாட்டேன்னீக?” “மனு படிச்சுக் காட்டுறது பேச்சாடி?”

செயலாளர் குழலை விட்டு டிகிரி பார்த்தார், ஒரு எண்ணைச் சொன்னார், நல்லதா கெட்டதா என்று அவள் காதில் விழவில்லை. பால் வெள்ளையாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாட்டைக் கேட்பார்களோ? காசைத் திருப்பிக் கட்டு என்பார்களோ? புதுசாகப் படம் எடுக்க வருவார்களோ? வந்தால் அவள் பக்கம் இப்போது பூ எங்கே இருக்கிறது, பாதிக்கு மேல் மாட்டுப் புல். பவுன்ராஜ் கத்துவான். கத்தட்டும். முன்னால் போகிற முதுகைப் பார்த்தாள். அந்த முதுகு நேராக இல்லை, ஒரு பக்கம் வாளிக்குச் சாய்ந்து, ‘க்ணிங்’ என்று போய்க்கொண்டிருந்தது. அவளுக்குக் கை அரித்தது. ‘ஐயா, வரப்புக்கு இரு பக்கமும் உள்ள நாங்கள் இருவரும் ஒரே இடத்தில் நின்றுவிட்டோம்.’ நின்றுவிட்டோமா, நிறுத்தப்பட்டோமா? நின்றுவிட்டோம். ‘அவருக்குச் சேரவேண்டியதை என் பெயரால்…’ இல்லை, முதலில் பொம்மையைச் சொல்லவேண்டும், பொம்மையைச் சொல்லாவிட்டால் எந்த அதிகாரிக்கும் விளங்காது, வயிற்றுப்பிள்ளைக்காரி ஏன் வரப்பைத் தாண்டினாள் என்று. எப்படி எழுதுவது அதை? ரோஸ் கலருக்குத் தமிழில் என்ன? இளஞ்சிவப்பு. தமிழய்யா இருந்தால் மெச்சுவார். ‘மேற்படி இளஞ்சிவப்புச் சட்டை அணிந்த பொம்மை திருமதி சீனியம்மாளுக்குச் சொந்தமானது என்பதை, தாங்கள் சுவரில் ஒட்டியுள்ள…’ அங்கே வந்து கை நின்றது. பாப்பாவை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டாள். வேறு வழியில்லை, எழுதித்தான் ஆகவேண்டும். ‘…படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்.’